ஞாயிறு வாங்கிய கீரை வியாழன் வரை தாங்குமா? – வாசகர் கேள்வி பதில்

வாங்கிவந்த காயும் கீரையும் வாரம் முடிவதற்குள் குப்பைக்குப் போகின்றன என்னும் குறை, இம்மாதம் வந்த கடிதங்களில் பல ஊர்களிலிருந்தும் வெவ்வேறு சொற்களில் எழுதப்பட்டிருந்தது. அவற்றுள் ஐந்து கடிதங்களை எடுத்துக்கொண்டு விடை எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் மாமியார், கணவர், பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர், நான் என ஐந்து பேர். ஞாயிறு காலையில் அண்ணாநகர் உழவர் சந்தைக்குப் போய் வாரத்துக்கு வேண்டிய காய்களையும் நான்கு கட்டுக் கீரையையும் வாங்கிவந்துவிடுகிறேன். திங்கள் சாம்பார், செவ்வாய் காரக்குழம்பு என்று அட்டவணை எழுதி ஃபிரிட்ஜ் கதவிலும் ஒட்டியிருக்கிறேன். இருந்தும் வியாழக்கிழமைக்குள் கீரை மஞ்சளாகிவிடுகிறது. பீன்ஸ் கையில் வழுக்குகிறது. அட்டவணை போட்டும் ஏன் இப்படி ஆகிறது? – வாசகி, மதுரை.

பதில்: அட்டவணை போடும் பழக்கம் நல்லதுதான். ஆனால் நீங்கள் எழுதி ஒட்டியிருப்பது குழம்புகளின் பட்டியல். அதில் காய்களுக்கு நாள் குறிக்கப்படவில்லை. ‘திங்கள் சாம்பார்’ என்று மட்டும் எழுதிவிட்டால், அந்தச் சாம்பாரில் எதைப் போடுவது என்பதைக் காலை ஆறரை மணி அவசரத்தில் கைக்கு முதலில் அகப்படும் காயே முடிவு செய்துவிடுகிறது. பெரும்பாலும் அது கழுவி நறுக்குவதற்கு எளிதான கேரட்டாகவோ முள்ளங்கியாகவோ இருக்கும். ஆய்வதற்கு அரைமணி நேரம் பிடிக்கும் கீரைக்கட்டு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அடியில் தள்ளப்பட்டுவிடும். இப்படியாக, ஒரு வாரத்துக்கு மேல் இருக்கக்கூடிய காய் முதல் நாளே தீர்ந்துபோக, இரண்டு நாள் ஆயுள் உள்ள கீரை நான்காம் நாள் வரை முறை வராமல் காத்துக் கிடக்கிறது. வியாழக்கிழமை காய்த் தட்டை இழுத்துப் பார்க்கும்போது, பாலிதீன் பையின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருக்க, அதற்குள் பீன்ஸின் முனைகள் பழுப்பேறி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதை நீங்கள் மட்டுமன்று, நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம்.

ஆகவே, பட்டியலை வீட்டில் எழுதிக்கொண்டு சந்தைக்குப் போகாமல், சந்தையிலிருந்து வந்து பையைக் கூடத்தில் கொட்டிய பிறகு எழுதுங்கள். கொட்டிய காய்களை மூன்று குவியலாகப் பிரித்துவிடலாம். கீரை, கொத்துமல்லி, புதினா, வாழைப்பூ, காளான் ஆகியவை இரண்டு நாள் குவியல். வெண்டை, பீன்ஸ், அவரை, கத்தரி, பீர்க்கு, புடலை, கொத்தவரை ஆகியவை மூன்றிலிருந்து நான்கு நாள் குவியல். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், முள்ளங்கி, சேனை, சேம்பு, வெட்டாத பூசணி, உருளைக்கிழங்கு ஆகியவை வாரம் முழுவதும் பொறுத்திருக்கும். முள்ளங்கியை மட்டும் தழையை அறுத்துவிட்டு வையுங்கள். தழை, கிழங்கிலுள்ள நீரை இழுத்துக்கொண்டு அதைச் சக்கையாக்கிவிடும். அந்தத் தழையும் பொரியலுக்கு உதவும். அதற்கும் இரண்டு நாள்தான் தவணை.

இனி நாள் குறிப்பது எளிது. ஞாயிறு, திங்கள் ஆகிய இரு நாள்களின் மதிய உணவைக் கீரைக்கு ஒதுக்கிவிடுங்கள். பல வீடுகளில் இரவில் கீரை சமைப்பதில்லை என்பதால், அதற்குக் கிடைப்பது மதிய வேளை மட்டுமே என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். திங்கட்கிழமைக்கு உரிய கட்டை ஞாயிறு மாலை மாமியாரும் நீங்களும் தொலைக்காட்சி முன் அமர்ந்து ஆய்ந்து வைத்துவிட்டால், காலையில் அதைத் தள்ளிப்போட மனம் வராது. செவ்வாய்க்கு வெண்டை அல்லது பீர்க்கு, புதனுக்குக் கத்தரியும் அவரையும், வியாழனுக்குக் கோஸும் கேரட்டும், வெள்ளிக்கிழமை பூசணி மோர்க்குழம்பும் சேனை வறுவலும் என்று வாரம் மெல்ல மெல்ல மென்காயிலிருந்து வன்காய்க்கு இறங்கட்டும். சனிக்கிழமை வற்றல் குழம்பும் சுட்ட அப்பளமும் உருளைக்கிழங்கும் போதும். சுண்டைக்காய் வற்றலும் மணத்தக்காளி வற்றலும் டப்பாவில் இருப்பதே இப்படிப்பட்ட நாளுக்காகத்தான்.

அட்டவணையில் ஒரு நாளை, புதனையோ வியாழனையோ, எதுவும் எழுதாமல் வெறுமையாக விடுங்கள். உறவினர் வருகை, பிள்ளைக்குக் காய்ச்சல், திடீரென்று ஒரு கல்யாணச் சாப்பாடு என்று வாரத்தில் ஒரு வேளையாவது சமையல் தவறிப்போகும்; அந்த வேளைக்கு உரிய காய் அடுத்த நாளை முட்டாமல் வெறும் நாளுக்குள் ஒதுங்கிக்கொள்ளும். ஏழு நாளும் நிரம்பிய அட்டவணையில் ஒரு நாள் சறுக்கினால், அதன் பின்னுள்ள அனைத்தும் சறுக்கிவிடும்.

அளவையும் பார்ப்போம். ஐந்து பேருக்கு ஒரு வேளைப் பொரியலுக்கு 350 முதல் 400 கிராம் வரை, சாம்பாருக்கு 150 முதல் 200 கிராம் வரை போதும். வாரத்தில் கீரை சமைக்கும் நாள்கள் போக ஐந்து பொரியல் என்று வைத்தால் இரண்டு கிலோ. குழம்புக் காய் ஒன்றேகால் கிலோ. நான்கு கட்டுக் கீரையை ஒரே நாளில் வாங்குவதுதான் உங்கள் கணக்கில் மிகை. இரண்டு கட்டு ஞாயிற்றுக்கிழமை வாங்கிவிட்டு, மூன்றாவதைப் புதன் மாலை தெருவுக்கு வரும் தள்ளுவண்டியில் வாங்குங்கள். உழவர் சந்தை விலையை விட ஐந்து ரூபாய் கூடுதலாக இருந்தாலும், குப்பைக்குப் போகும் கட்டைக் காட்டிலும் அது மலிவுதான்.

மதுரைக்காரராகிய உங்களுக்கு ஒரு வசதி உண்டு. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை, 1999 நவம்பர் 14 அன்று நீங்கள் போகும் அதே அண்ணாநகரில்தான் திறக்கப்பட்டது. விளைவித்தவரே கொண்டுவந்து விற்பதால், அங்கே கிடைக்கும் கீரை பெரும்பாலும் முந்தைய மாலையோ அன்று விடியலிலோ பறித்ததாக இருக்கும். மொத்த மண்டி வழியாக வரும் காய், நம் கைக்கு வரும்போதே தன் ஆயுளில் ஒன்றிரண்டு நாள்களைச் சாக்கிலும் லாரியிலும் கழித்துவிட்டு வருகிறது. நான் மேலே சொன்ன நாள் கணக்கு, பறித்த மறுநாள் கைக்கு வரும் காய்க்கு உரியது. மற்ற இடங்களில் வாங்குவோர் ஒரு நாளைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: கீரையையும் கொத்துமல்லியையும் கழுவி வைப்பதா, கழுவாமல் வைப்பதா? செய்தித்தாளில் சுற்றி வைத்தால் நெடுநாள் இருக்கும் என்கிறார்களே? – வாசகி, கோயம்புத்தூர்.

பதில்: கழுவாமல் வைக்க வேண்டும். இலையின் மேல் தங்கும் நீரே அழுகலுக்கு வழி செய்கிறது. கட்டைப் பிரித்து, பழுத்த இலையையும் நசுங்கிய தண்டையும் நீக்கி, வேரை மண்ணோடு நறுக்கிவிட்டு, உலர்ந்த பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றிக் காய்த் தட்டில் வையுங்கள். பழைய வேட்டித் துணிக்கு இணையானது வேறில்லை. அச்சு மையில் உடலுக்கு ஒவ்வாத பொருள்கள் உண்டு என்பதால், உணவைச் செய்தித்தாளில் பொதிய வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் பலமுறை அறிவுறுத்தியிருக்கிறது; ஈர இலையில் மை எளிதில் ஒட்டும். கொத்துமல்லியை வேரோடு வாங்கினால், ஒரு டம்ளரில் இரண்டு விரற்கடை நீர் விட்டு, வேர் மட்டும் நனையும்படி நிறுத்தி வைக்கலாம். நீரை நாள்தோறும் மாற்ற வேண்டும். முருங்கைக்கீரையைக் காம்போடு துணியில் இறுகச் சுற்றி இரவு வைத்துவிட்டால், காலையில் இலைகள் தாமாகவே உதிர்ந்திருக்கும். அதை அன்றே சமைத்துவிட வேண்டும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். வாழைப்பழம், தக்காளி, மாம்பழம், பப்பாளி ஆகியவை பழுக்கும்போது எத்திலீன் என்னும் வாயுவை வெளியிடுகின்றன. பக்கத்தில் கீரையோ வெள்ளரியோ இருந்தால் அந்த வாயுவால் அவை விரைவில் மஞ்சளாகும். கீரை கெடுகிறது என்று எழுதிய வாசகிகளில் சிலருக்கு, கீரையோடு தக்காளியும் ஒரே தட்டில் கிடப்பதுதான் காரணமாக இருக்கக்கூடும்.

கேள்வி: சோழிங்கநல்லூரில் நண்பர்கள் மூவரோடு அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறேன். இரவு எட்டரை மணிக்கு மேல் எங்கள் பகுதிப் பல்பொருள் அங்காடியில், மறுநாளோ அதற்கு மறுநாளோ தேதி முடியும் பன்னீர், தயிர், பிரெட், தோசைமாவு ஆகியவற்றைப் பாதி விலைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா? வாங்கினால் எப்படித் திட்டமிடுவது? – வாசகர், சென்னை.

பதில்: வாங்கலாம். ஆனால் பாதி விலை என்பதற்காக வாங்காமல், அடுத்த இரண்டு வேளைகளுக்குள் அதற்கு இடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இடமில்லாத பொருளுக்குப் பாதி விலையும் முழு நட்டமே. நானும் ஒரு முறை கிலோ பத்து ரூபாய் என்று கேட்டதும் எட்டுக் கிலோ தக்காளியை அள்ளிவந்து, தொக்கு கிளறி முடிப்பதற்குள் மூன்று கிலோவைத் தென்னை மரத்தடியில் கொட்டியவன்தான்.

பொதியின் மீதுள்ள தேதிகளை முதலில் பிரித்துப் படியுங்கள். 2020ஆம் ஆண்டின் பொதிச்சீட்டு விதிமுறைகளின்படி, பொதியில் கட்டாயமாக இருக்க வேண்டியது காலாவதி தேதி, அதாவது ‘இதற்குள் பயன்படுத்துக’ என்னும் தேதி. ‘இதுவரை சிறப்பாக இருக்கும்’ என்று வேறொரு தேதியையும் தயாரிப்பாளர் விரும்பினால் கூடுதலாக அச்சிடலாம். பின்னது சுவையையும் மணத்தையும் பற்றியது. அது கடந்துவிட்டால் முறுக்கு சற்று நமுத்திருக்கும், அவ்வளவே. முன்னது உடல்நலத்தைப் பற்றியது. பன்னீர், பால், இறைச்சி ஆகியவற்றில் அந்தத் தேதியைத் தாண்டக்கூடாது. இரண்டு தேதிகளும் பிரிக்கப்படாத, குளிரிலேயே இருந்த பொதிக்கு உரியவை. பிரித்துவிட்டாலோ, ஒரு பிற்பகல் முழுவதும் மின்சாரம் இல்லாமல் போனாலோ அந்தத் தேதியை நம்ப முடியாது. ஃபிரிட்ஜின் உள்ளே வெப்பம் 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். கதவுப் பக்கமே ஃபிரிட்ஜில் மிகவும் சூடான இடம். நம் வீடுகளில் பாலை வைப்பதோ அங்கேதான்.

நீங்கள் குறிப்பிட்ட நான்கும் நான்கு விதமாக நடந்துகொள்ளும் பொருள்கள். பன்னீரே அவற்றுள் அவசரமானது. அன்றிரவே பொடிமாஸ் செய்துவிடுங்கள், இல்லையேல் வாங்கியவுடன் துண்டு போட்டு உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். உறைந்த பன்னீர் சற்று உதிரியாகுமே ஒழிய, குழம்புக்கு ஒரு குறையும் இல்லை. மேலே பிசுபிசுத்தாலோ புளித்த வாடை வந்தாலோ தேதியைப் பார்க்காமலே எறிந்துவிட வேண்டும். பிரெட்டும் உறைபெட்டியில் இருக்கும். வேண்டிய துண்டுகளை மட்டும் எடுத்து நேராகத் தோசைக்கல்லில் வாட்டலாம். ஆனால் ஒரு துண்டில் பூஞ்சணம் தெரிந்தாலும் முழுப் பாக்கெட்டையும் விட்டுவிடுங்கள். கண்ணுக்குத் தெரியும் பச்சைப் புள்ளிக்கு அப்பாலும் பூஞ்சண இழைகள் பரவியிருக்கும். தயிர் தேதியை நெருங்க நெருங்கப் புளிக்கும். அந்தப் புளிப்பு மோர்க்குழம்புக்கும் ரவா தோசைக்கும் வேண்டப்படுவதே என்பதால், அதை வாங்கும் நாளிலேயே மறுநாள் மோர்க்குழம்பு என்று எழுதிவிடலாம்.

மாவுப் பாக்கெட்டின் இயல்பே வேறு. மற்ற உணவுகளில் உப்பிய பாக்கெட்டைத் தொடவே கூடாது என்பேன். தோசைமாவு உயிரோடு புளித்துக்கொண்டே இருப்பதால், அந்தப் பாக்கெட் உப்புவது இயல்பு. அதை நிறத்தாலும் மணத்தாலும்தான் அறிய வேண்டும். இளஞ்சிவப்போ மஞ்சளோ படர்ந்திருந்தால் வேண்டாம். வெறும் புளிப்பு என்றால், பொடியாக நறுக்கிய வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்து ஊத்தப்பம் வார்க்கலாம். சிறிது ரவையோ அரிசிமாவோ கலந்தால் புளிப்பு அடங்கும். வீட்டில் அரைத்த மாவுக்கும் இதே வரிசைதான்: முதல் நாள் இட்லி, இரண்டாம் நாள் தோசை, மூன்றாம் நாள் ஊத்தப்பம் அல்லது குழிப்பணியாரம். தேதி நெருங்கும் உணவை வைத்து வாரத்தைத் திட்டமிடும் கலையை, அந்தப் பெயர் எதுவும் வைக்காமலே நம் வீட்டுப் பெண்கள் மாவுச் சட்டியை வைத்து நடத்திவந்திருக்கிறார்கள்.

கேள்வி: மனைவி காலமான பின் தனியாகச் சமைத்துக்கொள்கிறேன். வயது 71. ஒரு வாழைப்பூ வாங்கினால் மூன்று நாள் அதையே சாப்பிட வேண்டியிருக்கிறது. தேங்காய் ஒரு மூடி எப்போதும் ஊசிப்போகிறது. மீந்த சோற்றை மறுநாள் உண்ணலாமா என்பதையும் தெரிவிக்கவும். – வாசகர், கும்பகோணம்.

பதில்: ஐயா, ஒருவருக்கான சமையலில் காய் கெடுவதற்குக் காரணம், சந்தையின் அளவுகள் யாவும் குடும்பத்துக்கு என்று அமைந்திருப்பதே. ஆதலால், ஒரு காயை ஒரே பண்டமாக மூன்று நாள் உண்பதற்குப் பதிலாக, அன்றே இரண்டாகப் பிரித்துவிடுங்கள். வாழைப்பூவில் வெளி மடல்களின் பூக்களை ஆய்ந்து மோரில் போட்டுப் பாசிப்பருப்போடு பொரியல் செய்துகொண்டு, உள்ளிருக்கும் வெளிர் குருத்தை மடல் பிரிக்காமல் அப்படியே வைத்தால், இரண்டு நாள் கழித்து அது பருப்பு அரைத்த வடைக்கு ஆகும். பூசணியையும் பரங்கியையும் கீற்றாக விற்கும் கடையில் வாங்குங்கள். சாம்பார்க் காய் என்று நறுக்கி விற்கும் பொட்டலம் உங்களைப் போன்றோருக்கு வசதியாகத் தோன்றும். ஆனால் வெட்டுவாய் அதிகம் என்பதால் அன்றைக்கே சமைத்தாக வேண்டும். அதை விட, ஐந்தாறு காய்களில் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து நிறுக்கச் சொன்னால் எந்தக் கடைக்காரரும் மறுக்கமாட்டார்.

தேங்காயை உடைத்த அன்றே இரண்டு மூடியையும் துருவி, ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகச் சிறு சிறு கிண்ணங்களில் உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். மேல் தட்டில் வெறுமனே வைத்த மூடிக்கு இரண்டு மூன்று நாள்தான்.

சோற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. அரிசியில் இயல்பாகவே இருக்கும் ஒரு வகை நுண்ணுயிரியின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. வடித்த சோறு மேசையிலேயே வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவ்வித்துகள் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. எனவே மதியம் மீந்த சோற்றை இரவு வரை வெளியில் வைத்துவிட்டுப் பிறகு ஃபிரிட்ஜில் வைப்பதால் பயனில்லை. வடித்த இரண்டு மணி நேரத்துக்குள், அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, உள்ளே வைத்துவிட வேண்டும். மறுநாள் எலுமிச்சை சாதமோ புளிசாதமோ செய்து முடித்துவிட வேண்டும். நீர் ஊற்றி வைக்கும் பழைய சோறு புளித்து அமிலத்தன்மை பெறுவதால் அதன் கதை வேறு. அதையும் மறுநாள் காலையோடு நிறுத்திக்கொள்வது உங்கள் வயதுக்கு நல்லது. ஒருவருக்கு அரை ஆழாக்கு அரிசி போதும் என்றால், அந்த அளவிலேயே வடிப்பது இவ்வளவு யோசனையையும் மிச்சப்படுத்தும்.

கேள்வி: எங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கார்த்திகை ஆகிய நாள்களில் கவுச்சி கிடையாது. மற்ற நாள்களில் மீன் இல்லாமல் பிள்ளைகள் சாப்பிடுவதில்லை. ஞாயிறு வாங்கும் மீனைப் புதன் வரை வைத்திருக்கலாமா? இத்தனை விலக்குகளோடு வாரத்தை எப்படி எழுதுவது? – வாசகி, தூத்துக்குடி.

பதில்: சகோதரி, விலக்கு நாள்கள் உங்களுக்கு இடையூறு என்று நினைக்க வேண்டாம், அவைதாம் உங்கள் அட்டவணையின் தூண்கள். ஞாயிறு சந்தைக்குக் கிளம்பும்முன் நாள்காட்டியின் அடுத்த ஏழு தாள்களைப் புரட்டிப் பாருங்கள். அந்த வாரத்தில் அமாவாசை வந்தால், படையலுக்கு ஆகும் நாட்டுக் காய்களான வாழைக்காய், அவரை, புடலை, பாகல், பூசணி, சேனை ஆகியவற்றை அந்த நாளுக்கு என்று முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். கேரட், கோஸ், பீன்ஸ் ஆகியவை அன்று பல வீடுகளில் சேராது என்பதால், அவை அதற்கு முன்போ பின்போ தீரும்படி நாள் குறிக்க வேண்டும். அமாவாசை வார இறுதியில் வருமானால், அவரையையும் புடலையையும் முந்தைய நாள் வாங்குவதே சரி. சேனையும் பூசணியும் ஞாயிறே வரலாம்.

மீனைப் பொறுத்தவரை, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்த பச்சை மீனுக்கு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் என்பதே என் கணக்கு. புதன் வரை வேண்டாம். குறிப்பாகச் சூரை, அயிலை, சாளை போன்ற மீன்கள் குளிரில்லாமல் சில மணி நேரம் கிடந்தாலே அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்னும் பொருள் உண்டாகிறது. அது வறுத்தாலும் கொதிக்கவைத்தாலும் போகாது. உண்டவருக்கு முகம் சிவந்து, தடித்து, தலை வலிக்கும். ‘மீன் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி இதுவே. எனவே ஞாயிறு வாங்கியவுடன் சுத்தம் செய்து, அன்றைக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மீதியை ஒரு வேளைக்கு ஒரு டப்பாவாகப் பிரித்து, நாள் எழுதிய ஒட்டுத்தாளோடு உறைபெட்டிக்கு அனுப்பிவிடுங்கள். புதன்கிழமை சமைப்பதை செவ்வாய் இரவே கீழ்த்தட்டுக்கு இறக்கி உருகவிட வேண்டும். சமையல் மேடையில் வைத்து உருகவிடக்கூடாது. செவ்வாய் சைவ நாள் என்பதால், மற்ற உணவின் மேல் நீர் சொட்டாதபடி மூடிய பாத்திரத்தில் வைத்துவிட்டால் வீட்டுப் பெரியவர்களும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

மீன்குழம்பு மறுநாள் ருசி கூடும் என்பது உண்மையே. ஞாயிறு இரவு ஆறியவுடன் ஃபிரிட்ஜில் வைத்து, திங்கள் காலை தளதளவென்று ஒரு கொதி வரவைத்துத் தோசைக்குப் பரிமாறித் தீர்த்துவிடுங்கள். செவ்வாய் சைவம் என்பதால் அதற்கு மேல் அது தங்குவதற்கும் இடமில்லை.

உங்கள் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கிறது. அந்நாள்களில் வெளியூரிலிருந்து ஐஸில் வரும் மீனுக்கு, வரும்போதே பல நாள் ஆகியிருக்கலாம். செவுள் பழுப்பேறி, கண் குழிந்திருந்தால் விட்டுவிடுங்கள். நாட்டுப்படகில் கரையோரம் பிடித்த மீன் காலையில் கிடைத்தால், அன்றைய தேவைக்கு மட்டும் வாங்குங்கள். மற்ற நாள்களுக்கு முட்டையும் கருவாடும் இருக்கின்றன.